ஜப்பான்காரர் என் வாய்க்காலைப் பார்த்த நாள்

பிள்ளைகளே, மூன்று வருசத்துக்கு முந்திய சிறுபோகத்தில், அந்தக் கோடை வேளாண்மையில், நம்முடைய வயலை ஏன் அறுக்கவில்லை என்று நீங்கள் கேட்ட நேரமெல்லாம், "தண்ணி வரல்ல" என்று சொல்லி வாப்பா நான் கதையை முடித்துவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பத்திரிகைக்காரர் வாசகர்களின் அனுபவத்தை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. முன்பின்னாக இருந்தால் நீங்களே நேராக்கி வாசித்துக்கொள்ளுங்கள்.

நிந்தவூரில் எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர் வயல். அதோடு ஒரு பழைய வேன். அறுகம்பையில் அலையில் சறுக்க வெளிநாட்டுக்காரர் வருகிற காலமும் சிறுபோகக் காலமும் ஒன்றுதான். காலையில் வயல், பிறகு வேன் என்று அந்த மாதங்கள் போகும்.

அந்த வருசம் குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் எல்லா விவசாயிகளும் இருந்து பேசித்தான் முடிவெடுத்தோம். எங்கள் வாய்க்காலுக்கு வலப்பக்கத்து வயல்கள் மட்டும் இம்முறை விதைப்பது, இடப்பக்கத்தார் சும்மா விடுவது, அடுத்த வருசம் இடப்பக்கம். நம்முடைய வயல் இடப்பக்கம். நானும் கை உயர்த்தினேன். உயர்த்திவிட்டு வந்து, மற்றவர்கள் விதைத்த அதே கிழமையில் நானும் விதைத்தேன்.

மழை வரும் என்று ஒரு நினைப்பு. வாய்க்கால் தண்ணீர் கேட்கமாட்டேன் என்றதால் யாரும் தடுக்கவில்லை. ஒரு மழை வந்தது, பயிர் முளைத்தது. பிறகு வானம் வெளுத்துவிட்டது. முப்பதாம் நாள் பயிர் வாடத் தொடங்கியபோது, வாய்க்கால் வரம்புக்குக் கீழால் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்தேன். ஒரு வாய் வாய்க்கால் தண்ணீருக்குள், மறுவாய் நம்முடைய வயலுக்குள். இரண்டு பக்கமும் புல்லை வைத்து மூடினேன். வாய்க்கால் நிறையச் சல்வீனியாப் பூண்டு மிதப்பதால் யாருக்கும் தெரியவில்லை. இதை உங்கள் உம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த ஜப்பான்காரர் என் வேனில் ஏறினார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மெலிந்த ஆள். அறுகம்பை அலையில் அவருடைய போன் உடைந்துவிட்டது. திருத்துவதற்குக் கல்முனைக்குக் கூட்டிப்போய் மறுபடி கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் அன்றைய ஹயர் ஓட்டம். போன் இல்லாததால் மொழிபெயர்த்துக் கதைக்கவும் வழியில்லை. என் இங்கிலிஷ் கட்டார் நாட்டில் ஏழு வருசம் வாகனம் ஓடிப் பொறுக்கியது. அவருடையதும் அப்படித்தான், அங்கே இங்கே பொறுக்கியது. இரண்டு பேருக்கும் இலக்கணம் தெரியாததால் வெட்கமில்லாமல் கதைத்தோம். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

கோமாரி தாண்டும்போது, பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டேன். வழமையாக நான் சொல்லுகிறதுதான். அதற்குப் பிறகுதான் என்ன தொழில் என்று கேட்டேன். அவர் இரண்டு கையாலும் காட்ஸ், அதாவது சீட்டுக்கட்டு, கலைப்பது போலக் காட்டினார். போக்கர். போட்டிக்குப் போட்டி நாடு நாடாகப் போய் விளையாடுவதுதான் தொழில் என்றார்.

நம்முடைய ஊர் ஆள் இந்தச் சொல்லைக் கேட்டால் என்ன நினைப்பான் என்று உங்களுக்குத் தெரியும். சூதாடுகிற ஒருவனை என் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சோற்றுக்குக் கூப்பிட்டுவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

அவருக்கு என் முகம் மாறியது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவருடைய நாட்டில் காசு வைத்து விளையாட முடியாதாம், சட்டம் பிடிக்கும். அதனால் காசில்லாமல் விளையாடுகிற சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றனவாம், சும்மா பழகுவதற்கு. பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு, பகலில் ஒரு நூடில்ஸ் கடையில் கோப்பை கழுவினாராம். வேலை முடிந்ததும் அந்தக் கடைகளில் போய் உட்காருவாராம். வாப்பாக்காரர் ஆறு வருசம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. உம்மாக்காரி அக்கம்பக்கத்தில் மகன் கம்பியூட்டர் கம்பனியில் என்று சொல்லிவைத்திருந்தாராம். பிறகு பிளேன் டிக்கட்டுக்குச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனாராம். இரண்டு வருசம் போன இடமெல்லாம் தோல்வி.

அந்தப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ், அதாவது பந்தயம் கட்டுகிற வட்டத் துண்டுகள், கொடுப்பார்களாம். அது முடிந்தால் எழும்பிப் போக வேண்டும், மறுபடி உட்கார முடியாது. கடைசி வரைக்கும் கதிரையில் இருக்கிறவன் வென்றவன்.

"அப்ப அதிர்ஷ்டந்தானே?" என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன்.

"ஒரு நாள் அதிர்ஷ்டம். பத்து வருசம் அதிர்ஷ்டம் இல்லை," என்றார். "என் வேலை வீசுவது. பத்துத் தரம் காட்ஸ் வந்தால் எட்டுத் தரம் பார்த்துவிட்டு வீசிவிடுவேன்."

தோற்ற நாளும் வென்ற நாளும் அன்றைக்குச் செய்த பிழைகளை ஒரு கொப்பியில் எழுதுவாராம். அப்படி எழுதி எழுதித்தான் தோற்கிறது குறைந்ததாம். அவருடைய நாட்டுக்காரர் அதிகம் பேர் போகாத பெரிய மேசைகளில் இப்போது அவருக்கு இடம் இருக்கிறதாம். பெருமையாகச் சொல்லவில்லை. நான் வேளாண்மைக் கதை சொல்வேனே, அதுபோலச் சொன்னார். எனக்கு ஒரு பக்கம் கேட்க ஆசை, மறுபக்கம் அருவருப்பு.

கல்முனையில் போனைக் கொடுத்தோம். அசர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னார்கள். நிந்தவூருக்குத் திரும்பி வந்து அவரை முன் அறையில் இருத்திவிட்டு, குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த உங்கள் உம்மாவின் காதில் விசயத்தைச் சொன்னேன்.

"ஆள் சூதாடுறவனாம் புள்ள. தெரியாமக் கூப்பிட்டுட்டன்."

உம்மா பாரைமீன் ஆணத்தைக் கிண்டிக்கொண்டே, "சோறு போடுறத்துக்கு முதல் தொழிலக் கேக்கிற வழக்கம் எங்கட வீட்டில எப்பயிருந்து?" என்றா.

"பிள்ளைகள் இருக்கிற வீடு."

"பிள்ளைகள் அந்தாளுக்குக் கையால சாப்பிடக் காட்டிக்குடுக்க நிக்குதுகள். நீங்க போய்த் தண்ணிக் கோப்பையை வைங்க."

உங்களுக்கு அது ஞாபகமிருக்கும். சின்னவர், நீங்கள் அவருடைய விரல்களைப் பிடித்துச் சோற்றைக் குழைத்துக் காட்டினீர்கள். அவர் சட்டையெல்லாம் ஆணத்தைச் சிந்திக்கொண்டு சிரித்தார். அவர் காட்ஸ் கலைப்பது போலக் கையால் காட்டியதைப் பார்த்துவிட்டு, மூத்தவள், "ஒரு காட்ஸ் வித்தை காட்டச் சொல்லுங்க வாப்பா" என்று கேட்க, நான் உன்னைப் பார்த்த பார்வையில் நீ உள்ளே போய்விட்டாய். மகள், ஏன் அப்படிப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்லவுமில்லை. என் வீட்டுக்குள் ஹராமான ஒன்று வந்துவிட்டது என்ற கோபம். அது எப்போதோ வந்துவிட்டது என்பதை நான் மறந்திருந்தேன்.

சாப்பிட்டு முடியும்போது வட்டவிதானையிடமிருந்து போன் வந்தது. எங்கள் வயல்வெளிக் கண்டத்துக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிற பொறுப்பு அவருக்குத்தான். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர். "காக்கா, அடிவயல்காரருக்குத் தண்ணி போய்ச் சேரல்ல எண்டு முறைப்பாடு. வாய்க்காலப் பார்க்க வாறன், நீங்களும் வாங்க," என்றார். முதல் போய்க் குழாயைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்து, போகிற வழிதானே என்று ஜப்பான்காரரையும் ஏற்றிக்கொண்டு பறந்தேன். எனக்கு முதலே வட்டவிதானை வந்து வரம்பில் நின்றார். பக்கத்தில் அடிவயல்காரர்.

அவர் என் வயதுக்காரர். வாய்க்கால் முடிகிற இடத்தில், வலப்பக்கம், ஒன்றரை ஏக்கர். வேறு வருமானம் இல்லை. கையில் ஒரு பிடி பயிரைப் பிடுங்கி வைத்திருந்தார். நுனி காய்ந்து மஞ்சள் பற்றியிருந்தது.

"எனக்கு மூணு தண்ணி முறை தவறிப் போயிட்டு," என்றார் என்னிடம். "முறை வாற அண்டைக்கு வாய்க்கால்ட அடி நனையிது, அவ்வளவுதான். கதிர் தள்ளுற நேரம் காக்கா."

வட்டவிதானை பகிடிக்காரர். என் வயலைப் பார்த்துவிட்டு, "விதைக்க வேணாம் எண்ட பக்கத்தில உங்கட வயல் மட்டும் மாப்பிள்ள மாதிரி நிக்கிதே, என்ன மருந்து?" என்று கேட்டார்.

"மச்சான்ட கிணத்துல பம்ப் வெச்சி இறைச்சன்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டீசலுக்கே சரியாப் போச்சு. நம்முட மண்ணும் களி, ஈரம் பிடிச்சி நிக்கும். போன கிழமை இஞ்சால கொஞ்சம் தூறின, அங்கால விழல்ல. இன்னும் ரெண்டு நாளைக்கு இறைக்கோணும், அந்த பம்புக்காரன் வேற..." என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"சரி, சரி," என்றார் வட்டவிதானை. "மேல எங்கயோ ஒருத்தன் குடிக்கிறான். வாங்க பார்ப்பம்."

இதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். அவர்களோடு சேர்ந்து நானும் வாய்க்கால் வரம்பில் நடந்து தண்ணீர்க் கள்ளனைத் தேடினேன். ஒரு மண்வெட்டியை வாங்கிப் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன், என் வயல் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு. "அடுத்தவன்ட பங்கை, ஹக்கத் திண்டவன் உருப்படமாட்டான்," என்று என் வாயாலேயே சொன்னேன். அடிவயல்காரர் அதற்கு, "அல்லாஹ் அவனுக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும்," என்றார். நான் "ஆமீன்" சொன்னேன்.

ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று பிரிந்தோம். ஜப்பான்காரர் அவ்வளவு நேரமும் என் வயலோரமாக வரம்பில் குந்தி, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்துக்கொண்டு அறுகம்பைக்குத் திரும்பினோம். போன் கையில் இருந்தும் அவர் மொழிபெயர்ப்பைத் திறக்கவில்லை. ஒலுவில் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அந்தத் தண்ணீர்ச் செடி எல்லாம் கீழே போகிறது. ஒரு இடத்தில் மட்டும் வரம்புப் பக்கம் திரும்பி நிற்கிறது. அங்கே என்ன?"

நான் கியரை மாற்றி வேகம் கூட்டினேன்.

"உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் ஐந்து பதில் சொன்னீர்கள். எங்கள் மேசையில் அப்படிப் பேசுகிறவன் கையில் நல்ல காட்ஸ் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேனை ஓரம் கட்டினேன். "நீ சூதாடுறவன். அடுத்தவன்ட காசுல வாழுறவன். நீயா எனக்குச் சொல்லுற?" என்று தமிழிலேயே கத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் இன்னும் கேவலமாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து, "மன்னிக்க வேண்டும், என் வேலை இல்லை இது," என்றார். நான் மறுபடி வேனை எடுத்தேன்.

அக்கரைப்பற்றில் மஃரிப் தொழுகைக்கு நிறுத்தினேன். பள்ளியில் சுஜூதில் நெற்றியை வைத்தபோது, நான் சொன்ன அந்த "ஆமீன்"தான் காதில் கேட்டது. என்ன ஓதினேன் என்று தெரியாமல் தொழுதுவிட்டு வந்தேன். வேனில் ஏறியதும், கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. திருக்கோவில் தாண்டும் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே ஒரு கதை சொன்னார்.

இரண்டு வருசம் தோற்றபிறகு அவர் முதல் முதல் வென்ற ஒரு போட்டி. அவர் மேலே வந்தது அதிலிருந்துதான் என்று எல்லோரும் சொல்வார்களாம். அந்தப் போட்டியின் நடுவில் ஒரு ஆட்டம் முடிந்து சிப்ஸைப் பங்கிடும்போது, மேசையில் காட்ஸ் போடுகிறவர் கணக்குப் பிழைத்து, பக்கத்தில் இருந்தவருக்குப் போக வேண்டிய ஒரு அடுக்கையும் இவர் பக்கம் தள்ளிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் வயதாளி, கவனிக்கவில்லை. இவர் கண்டார்.

"நான் ஒன்றும் செய்யவில்லை. பேசாமல் இருந்தேன். மூன்று செக்கன். அடுத்த காட்ஸ் போட்டுவிட்டார்கள். பிறகு சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்."

கொஞ்ச நேரத்தில் அந்த வயதாளி தோற்று எழும்பினாராம். போகும்போது இவருக்குக் கை கொடுத்து, நன்றாக விளையாடுகிறாய் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவர் வென்றார். படம் எடுத்தார்கள். ஆறு வருசம் கதைக்காத வாப்பாக்காரர் அன்றைக்குத்தான் போன் எடுத்தாராம்.

"அவரை எப்பவாவது கண்டீங்களா?" என்று கேட்டேன்.

"தேடினேன். விளையாட்டை விட்டுவிட்டார் என்றார்கள். பேரும் சரியாகத் தெரியாது." பிறகு சொன்னார்: "எல்லாப் பிழையும் கொப்பியில் எழுதுவேன். அதை மட்டும் இன்னும் எழுதவில்லை."

அவ்வளவுதான் சொன்னார். நீ இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு சொல் இல்லை. அறுகம்பையில் இறங்கும்போது, பிள்ளைகளின் உம்மா தந்த சோறு நல்லது என்று குனிந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. போன வருசம் மூத்தவள் போனில் ஒரு படம் காட்டி, "இது எங்கட வீட்டுக்கு வந்த ஆள்தானே?" என்று கேட்டாயே. ஓம், அவர்தான். முன்னால் குவித்துவைத்த சிப்ஸ், சுற்றிவர ஆட்கள், கையில் ஒரு வெற்றிக் கிண்ணம். எல்லோரும் சிரிக்கிற படத்தில் அவர் முகத்தைத்தான் நான் கூர்ந்து பார்த்தேன். கொப்பியில் எழுதிவிட்டாரா என்று கண்டுபிடிக்க எனக்கு முகம் வாசிக்கத் தெரியாது.

பிள்ளைகளே, ஒன்றை நேராகச் சொல்கிறேன். அந்த விளையாட்டு நமக்கு ஹராம். அன்றைக்கும் ஹராம், இன்றைக்கும் ஹராம். அவர் நல்லவராக இருந்ததால் அது மாறாது. ஆனால் மழையை நம்பி, கூட்டத்தில் உயர்த்திய கையைப் பொய்யாக்கி, இல்லாத தண்ணீருக்கு விதைத்தவன் நான். பயிர் வாடியதும், இவ்வளவு போட்டாச்சே, இனி எப்படி விடுவது என்று அடுத்தவனின் தண்ணீரில் கை வைத்தவனும் நான். அவர் பத்தில் எட்டை வீசுகிற மனிதர். எனக்கு ஒன்றையே வீசத் தெரியவில்லை. என் தொழிலுக்கு வேளாண்மை என்று பேர் இருந்ததால் நான் என்னைத் தேடிப்பார்க்கவேயில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அடிவயல்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "மன்னிச்சி ஹலாலாக்கித் தாங்க," என்றேன். அவர் செருப்பைக் கண்டெடுத்துப் போட்டுக்கொண்டார்.

"தேடின அண்டைக்கு நீங்கதான் எல்லாரையும் விடப் பெரிய சத்தம்," என்றார். பிறகு, "பொறுத்துட்டன். ஆனா இனி உங்கட வயல் பக்கம் வந்தா, குனிஞ்சி பார்த்துட்டுத்தான் போவன்."

சொன்னபடி இன்றைக்கும் குனிந்துதான் பார்க்கிறார். நானும் ஒதுங்கி நின்று கொடுக்கிறேன். அந்தப் போகம் அவருக்குப் பாதிதான் தப்பியது. மறுபாதிக்கு நான் என்ன கொடுத்தாலும் ஈடாகாது. நம்முடைய பயிரை ஒரு மாட்டுக்காரரைக் கூப்பிட்டு மேயவிட்டேன். நீங்கள் பார்த்து அழுதது அதைத்தான்.

அதற்கெல்லாம் முதல், அறுகம்பையில் இருந்து வந்த மறுநாள், சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குத் தனியாகப் போனேன். வாய்க்காலுக்குள் இறங்கி, புல்லை விலக்கி, குழாயை அசைத்து அசைத்து இழுத்தேன். சேறு பிடித்திருந்ததால் இலேசில் வரவில்லை. வந்ததும், அது இருந்த துவாரத்தால் தண்ணீர் இன்னும் வேகமாக நம்முடைய வயலுக்குள் ஓடியது. களிமண்ணைக் கையால் அள்ளி அள்ளி அடைத்து, முழங்காலால் அமத்தினேன். ஓட்டம் நின்றது. குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பால் நடந்து, வாய்க்கால் முடிகிற இடத்துக்குப் போய், வெடித்துக்கிடந்த அந்த மண்ணில் செருப்பில்லாமல் நின்றேன். நல்ல நேரம் பிடித்தது. முதலில் கொஞ்சம் நுரையும் சருகும் வந்தது, பிறகு மெல்லியதாகத் தண்ணீர் வந்து என் கால் விரல்களைத் தொட்டது. அடிவயல்காரர் வருவதற்கு முதல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.